நூறிலிருந்து ஆறுக்கு: மும்பைத் தொடக்கப் பள்ளிகளில் பெருக்கல் பயிற்சி

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. ஆயினும் எழுத்தறிவின் வளர்ச்சியில் நாம் காட்டும் அக்கறையை எண்ணறிவின் வளர்ச்சியில் காட்டுவதில்லை. ஒரு குழந்தைக்குப் படிக்கத் தெரியவில்லை என்றால் பெற்றோரும் ஆசிரியரும் கவலை கொள்கின்றனர். கணக்கு வரவில்லை என்றாலோ, "இவனுக்குக் கணக்கு ஏறாது" என்று சொல்லி அமைதி அடைந்துவிடுகின்றனர். இந்த மனப்பான்மையின் விலை சிறிதன்று.

மத்தியக் கல்வி அமைச்சகத்தின் சார்பில் 2024 டிசம்பரில் 781 மாவட்டங்களில் சுமார் 21 லட்சம் மாணவர்களிடம் 'பரக்' தேசியக் கணக்கெடுப்பு நடத்தப்பட்டது. நான்கு அடிப்படைச் செயல்களையும் புரிந்துகொண்டு, 10 வரையிலான கூட்டல், பெருக்கல் வாய்பாடுகளை அறிந்திருந்தோர் ஆறாம் வகுப்பு மாணவர்களில் 53 சதவீதத்தினரே என்று அது தெரிவித்தது. கிராமப்புறங்களில் மட்டும் நடத்தப்படும் 'அசர்' ஆய்வின் 2024-ஆம் ஆண்டு அறிக்கைப்படி, மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுக்கத் தெரிந்த ஐந்தாம் வகுப்புக் குழந்தைகள் 30.7 சதவீதம். இவ்விரண்டு செய்திகளும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. 56-ஐ 7-ஆல் வகுக்க வேண்டிய குழந்தை, 'ஏழின் எத்தனை மடங்கு 56' என்று தன்னையே கேட்டுக்கொள்கிறது. அதற்கு விடை உடனே வராவிட்டால் வகுத்தல் அங்கேயே நின்றுவிடுகிறது. அதன் பிறகு பின்னம், சதவீதம், வட்டி, விகிதம் ஆகிய எல்லாமே மூடிய கதவுகளாகின்றன.

மனித மனம் ஒரே நேரத்தில் சில செய்திகளை மட்டுமே ஏந்தி நிற்கக் கூடியது. ஒரு கணக்கின் நடுவில் 6 x 8 என்ன என்று விரல் விட்டு எண்ணத் தொடங்கும் குழந்தை, எண்ணி முடிப்பதற்குள் கணக்கையே மறந்துவிடுகிறது. ஆகவே வாய்பாடு மனத்தில் நிலைத்திருப்பது இன்றியமையாதது. அது எவ்வாறு மனத்தில் நிலைபெற வேண்டும் என்பதே நாம் ஆராய வேண்டிய பொருள்.

மும்பையின் தனிச் சூழல்

இதனை ஆராய மும்பையைப் போல் பொருத்தமான களம் அரிது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி முதற்கொண்டு திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்று, தோல் பதனிடும் தொழிலை ஒட்டித் தாராவியில் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பரப்பில் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழும் அவ்விடத்தில் தோல் பொருள்கள், ஆயத்த ஆடைகள், மட்பாண்டங்கள், பழைய பொருள்களைப் பிரித்து மறுபயனாக்குதல் என்று எத்தனையோ தொழில்கள் வீட்டோடு வீடாக நடைபெறுகின்றன. அருகிலுள்ள மாட்டுங்காவில் 1932-இல் தொடங்கப்பட்ட தென்னிந்தியக் கல்விச் சங்கம் பல தலைமுறைகளுக்குக் கல்வி அளித்துவருகிறது. செம்பூரிலும் தமிழ்க் குடும்பங்கள் பல. செம்பூரை அடுத்த மான்குர்த்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தின் ஓர் அங்கமாக 1974-இல் தோன்றிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் செயல்பட்டு வருகிறது.

மும்பை மாநகராட்சி மராத்தி, இந்தி, உருது, குஜராத்தி, ஆங்கிலம், தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய எட்டு மொழிகளில் தொடக்கக் கல்வி அளித்துவந்துள்ளது. எனவே வீட்டில் தமிழும், தெருவில் இந்தியும், பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ வழங்கும் குழந்தைகள் இங்கு ஏராளம். ஒரே குழந்தை கடையில் ஒரு மொழியில் கணக்கிட்டு, வகுப்பில் இன்னொரு மொழியில் வாய்பாடு ஒப்பிக்கிறது. இச்சூழலைச் சுமை என்று கருதாமல் வாய்ப்பு என்று கருதினால் பயன் மிகுதி.

மரபு நமக்குக் கற்பிப்பது

தமிழ்நாட்டுத் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தனர். முழு எண்களின் வாய்பாடு மட்டுமன்றி, முக்கால், அரை, கால், மாகாணி முதலிய பின்னங்களின் வாய்பாடுகளும், ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கும் குழிமாற்றும் அதில் அடங்கும். மராத்தி மரபிலும் இதற்கு ஒப்பான ஏற்பாடு இருந்தது. அங்கு 30 வரையிலான வாய்பாடுகளோடு, கால், அரை, முக்கால், ஒன்றேகால், ஒன்றரை, இரண்டரை ஆகியவற்றுக்கும் தனித்தனி வாய்பாடுகள் ஓதப்பட்டன.

இவை வெறும் நினைவாற்றல் பயிற்சிக்காக ஏற்பட்டவை அல்ல. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம் என்ற அளவுமுறை வழங்கிய காலத்தில், நெல் அளக்கவும் நிலம் அளக்கவும் அவ்வாய்பாடுகள் நாள்தோறும் தேவைப்பட்டன. பிள்ளை காலையில் ஓதிய வாய்பாட்டின் பயனை மாலையில் களத்துமேட்டிலே கண்டது. 1957 ஏப்ரலில் பதின்ம நாணய முறையும், அதனை அடுத்து மெட்ரிக் எடை, அளவு முறையும் நடைமுறைக்கு வந்தபின் பின்ன வாய்பாடுகளின் தேவை நீங்கிற்று. முழு எண் வாய்பாடு மட்டும் பள்ளியில் எஞ்சியது; ஆனால் அதனை வாழ்க்கையோடு பிணைத்திருந்த கயிறு தளர்ந்துவிட்டது. ஓதுதல் நின்றது; ஓதியதைப் பயன்படுத்தும் களம் மறைந்தது.

மரபிலிருந்து நாம் கொள்ளத்தக்க மற்றொரு செய்தியும் உண்டு. திண்ணைப் பள்ளியில் முன்னேறிய மாணவனாகிய சட்டாம்பிள்ளை மற்றவர்களுக்குப் பாடம் ஓதுவிப்பான். சென்னை எழும்பூரில் இராணுவ அநாதை இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், நம் நாட்டுப் பள்ளிகளில் பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைக் கண்டு, மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் முறையைத் தம் பள்ளியில் அமைத்தார். அதைப் பற்றி 1797-இல் இலண்டனில் அவர் நூல் வெளியிட்டபின் 'சென்னை முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. ஐம்பது குழந்தைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவரிடமும் ஆசிரியர் வாய்பாடு கேட்பது இயலாது. இருவர் இருவராக அமர்ந்து ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளும் பயிற்சிக்கு இம்மண்ணிலேயே வேர் உண்டு.

தெருக் கணக்கும் பள்ளிக் கணக்கும்

பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் நடத்தப்பட்டு 1985-இல் வெளிவந்த ஆய்வு ஒன்று கல்வியாளரிடையே பெரிதும் பேசப்பட்டது. தெருவில் வியாபாரம் செய்துவந்த ஐந்து சிறுவர் சிறுமியரிடம், அவர்கள் விற்கும் பொருளை வாங்குவதுபோல் கேட்ட கணக்குகளுக்கு 98 சதவீத விடைகள் சரியாக வந்தன. அதே எண்களைக் கொண்டு தாளில் கொடுத்த கணக்குகளில் சரியானவை 37 சதவீதமே. ஒரு தேங்காய் 35 என்றால் பத்துத் தேங்காய் என்ன விலை என்ற வினாவுக்கு ஒரு சிறுவன் பூச்சியம் சேர்க்கவில்லை. மூன்று தேங்காய் 105, இன்னும் மூன்று சேர்ந்தால் 210, மேலும் மூன்று சேர்ந்தால் 315, இன்னும் ஒன்று சேர்ந்தால் 350 என்று அடுக்கிச் சென்றான். அவன் விடை சரியானது. அவன் வழியும் கணித நெறிக்கு உட்பட்டதே. பள்ளி மட்டும் அந்த வழியை அறியவில்லை.

நம் நாட்டில் கொல்கத்தா, டில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் 1,436 குழந்தைகளிடம் நடத்தப்பட்ட விரிவான ஆய்வு 2025-இல் வெளிவந்தது. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ ஆகியோர் அதில் பங்கு கொண்டனர். சந்தையில் கடினமான கணக்குகளை மனத்திலேயே போட்ட குழந்தைகள் பள்ளிப் பாணியில் எழுதப்பட்ட எளிய கணக்குகளில் தடுமாறினர். பள்ளிக் குழந்தைகளோ எழுத்துக் கணக்கில் மேலாக இருந்தும், சந்தைக் கணக்கில் தடுமாறினர். ஒரு கரையில் கற்ற அறிவு மறுகரைக்குத் தானாகச் செல்வதில்லை என்பதே இதன் கருத்து. பாலம் அமைக்க வேண்டியவர் ஆசிரியர்.

மும்பையின் ஏழை மக்கள் குடியிருப்பு ஒன்றில் வாழும் நடுநிலைப் பள்ளி மாணவர்களின் கணித அறிவை ஹோமி பாபா மையத்தின் ஆய்வாளர்கள் அரிந்தம் போஸ், கே. சுப்ரமணியம் ஆகியோர் ஆராய்ந்தனர். குடும்பத் தொழில்களில் பங்குகொண்ட அக்குழந்தைகள், எண்களைத் தமக்கு வசதியான கூறுகளாகப் பிரித்துச் சேர்க்கும் திறமை பெற்றிருந்தது புலனாயிற்று. 'கணக்கு ஏறாத' குழந்தை என்று நாம் முத்திரை குத்தும் பிள்ளை, சட்டை ஒன்றுக்கு ஏழு பொத்தான் வீதம் எட்டுச் சட்டைக்கு எத்தனை என்று தன் தாய்க்கு மாலையில் சொல்லும் பிள்ளையாக இருக்கக்கூடும். அத்திறமையைக் காணாது போனால் இழப்பு அக்குழந்தைக்கு மட்டுமன்று, நாட்டுக்குமாம்.

நூறு எவ்வாறு ஆறாகும்?

1 முதல் 10 வரையிலான வாய்பாட்டில் நூறு பெருக்கல்கள் உள்ளன. நூறையும் தனித்தனிச் செய்திகளாக மனப்பாடம் செய்யச் சொன்னால் குழந்தை மலைத்து நிற்கும். ஆனால் எண்களுக்கிடையே உள்ள உறவுகளைக் காட்டிக்கொண்டே சென்றால் இச்சுமை படிப்படியாகக் குறைவதைக் காணலாம்.

முதற்படி: இடம் மாறினாலும் பெருக்கற்பலன் மாறாது. சந்தையில் கிடைக்கும் முட்டை அட்டையில் வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசைகள் உண்டு. அதனைத் திருப்பி வைத்தால் வரிசைக்கு ஆறாக ஐந்து வரிசைகள் ஆகின்றன. முட்டை எப்படியும் முப்பதுதான். இதனைக் கண்ணால் கண்ட குழந்தைக்கு நூறு பெருக்கல்கள் 55 ஆகக் குறைகின்றன.

இரண்டாம் படி: ஒன்றாம் வாய்பாட்டையும் பத்தாம் வாய்பாட்டையும் யாரும் மனப்பாடம் செய்ய வேண்டுவதில்லை. அவற்றை நீக்கினால் எஞ்சுபவை 36.

மூன்றாம் படி: இரண்டாம் வாய்பாடு என்பது இரட்டிப்பு. சிறு குழந்தைக்கும் இது கைவந்தது. எஞ்சுபவை 28.

நான்காம் படி: ஐந்தாம் வாய்பாடு பத்தாம் வாய்பாட்டின் பாதி. பத்து எட்டு 80. ஆகவே ஐந்து எட்டு 40. கடிகாரத்தின் நிமிட முள்ளும் ஐந்து ரூபாய் நாணயங்களும் இதற்குத் துணை. எஞ்சுபவை 21.

ஐந்தாம் படி: ஒன்பதாம் வாய்பாடு பத்தாம் வாய்பாட்டிலிருந்து ஒரு மடங்கு குறைந்தது. பத்து ஏழு 70. அதில் ஏழு போனால் ஒன்பது ஏழு 63. எஞ்சுபவை 15.

ஆறாம் படி: நான்கு என்பது இரட்டிப்பின் இரட்டிப்பு. ஏழின் இரட்டிப்பு 14, அதன் இரட்டிப்பு 28. எஞ்சுபவை பத்தே.

ஏழாம் படி: மூன்று என்பது இரட்டிப்போடு இன்னும் ஒரு மடங்கு. எட்டின் இரட்டிப்பு 16, அதனுடன் எட்டு சேர்ந்தால் 24. செம்பூரில் ஓடும் ஆட்டோக்களின் சக்கரங்களை எண்ணியே இதனைப் பயிலலாம். இதன் பின் எஞ்சுபவை ஆறே: 6 x 6, 6 x 7, 6 x 8, 7 x 7, 7 x 8, 8 x 8.

இந்த ஆறுக்கும்கூட வழி உண்டு. ஐந்து ஏழு 35. இன்னும் ஓர் ஏழு சேர்ந்தால் ஆறு ஏழு 42. மூன்று எட்டு 24. அதை இரட்டித்தால் ஆறு எட்டு 48. ஐந்து எட்டு 40, இரண்டு எட்டு 16. சேர்ந்தால் ஏழு எட்டு 56. நான்கு எட்டு 32. இரட்டித்தால் எட்டு எட்டு 64. ஆறு ஆறு 36, ஏழு ஏழு 49 ஆகிய இரண்டையும் குழிமாற்றாகவே ஓதி மனத்தில் நிறுத்தலாம்.

பிரித்துச் சேர்க்கும் இவ்வழி வாய்பாட்டோடு நின்றுவிடுவதில்லை. ஒரு டஜன் பொருள் கொண்ட பெட்டிகள் ஏழு இருந்தால், பத்து ஏழு 70, இரண்டு ஏழு 14, ஆக 84 என்று வாய்பாட்டைக் கடந்தும் குழந்தையால் கணக்கிட முடிகிறது. பிற்காலத்தில் இயற்கணிதத்தில் அடைப்புக்குறியைப் பிரித்துப் பெருக்கக் கற்பதும் இதே நெறிதான். தெருவில் தேங்காய் விற்ற சிறுவன் கையாண்டதும் இதுவே.

மொழியும் எண்ணும்

தமிழ் எண்ணுப் பெயர்களின் அமைப்பு கற்பவருக்குத் துணை செய்வதாகும். ஐம்பத்தாறு என்ற சொல்லிலேயே ஐந்து பத்தும் ஓர் ஆறும் எழுதும் வரிசையிலேயே நிற்கின்றன. தொண்ணூறு போன்ற சில சொற்களே இதற்கு விலக்கு. மராத்தியிலும் இந்தியிலும் ஒன்றின் இடத்து எண் முன்னும் பத்தின் இடத்து எண் பின்னும் ஒலிக்கும். மராத்தியில் 27 என்பது 'சத்தாவீஸ்'. அதாவது ஏழு முன்னே, இருபது பின்னே. அச்சொற்களும் பலவாறு திரிந்து வழங்குவதால் 99 வரை ஏறத்தாழ ஒவ்வொன்றையும் தனியே கற்க வேண்டியுள்ளது.

இக்கடினத்தைக் குறைக்கும் பொருட்டு, மகாராஷ்டிரப் பாடநூல் நிறுவனமான பாலபாரதி 2019-இல் இரண்டாம் வகுப்புக் கணித நூலில், 27-ஐ 'வீஸ் சாத்', அதாவது 'இருபது ஏழு', என்று படிக்கும் முறையையும் சேர்த்தது. மாநிலம் முழுவதும் அது விவாதத்துக்கு உள்ளாயிற்று. மொழி வழக்கைச் சிதைப்பது என்றனர் ஒரு சாரார். குழந்தைக்கு எண்ணின் பொருள் விளங்க உதவும் என்று கணிதக் குழுவின் தலைவராக இருந்த மங்களா நார்ளீகர் விளக்கினார். எண்ணுப் பெயர் எண்ணறிவோடு எவ்வளவு நெருங்கியது என்பதை இவ்விவாதம் பலருக்கும் உணர்த்தியது.

தாராவியில் மராத்தி வழியிலோ ஆங்கில வழியிலோ பயிலும் தமிழ்க் குழந்தை, விடையைத் தமிழில் கண்டு பின்னர் பள்ளி மொழியில் சொல்லுமாயின், அதனைத் தடுக்கலாகாது. அவ்வாறு மாற்றிச் சொல்ல ஒரு நொடி கூடுதலாகும். அந்த ஒரு நொடித் தாமதத்தை அறியாமை என்று கொள்வது தவறு. 'ஏழு எட்டு ஐம்பத்தாறு' என்று மனத்தில் ஒலித்ததை 56 என்று பலகையில் எழுதச் செய்தால் மொழி வேறுபாடு தடையாவதில்லை. எண்ணுரு எல்லா மொழிக்கும் பொது.

நாளொன்றுக்குப் பத்து நிமிடம்

வழிகளைப் புரிந்துகொண்டால் மட்டும் போதாது. புரிந்தது விரைவில் நினைவுக்கு வரப் பயிற்சி தேவை. ஒரே நாளில் நெடுநேரம் பயில்வதைவிடச் சிறுசிறு நேரமாகப் பல நாள்களில் பயில்வதே நினைவில் நிற்கும் என்பதை ஜெர்மானிய உளவியலார் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-லேயே வெளியிட்டார். எனவே வாரத்துக்கு ஒரு நாள் ஒரு மணி நேரம் வாய்பாடு ஓதுவதைவிட நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குவது மேல். அதற்கான முறைகள் சில:

1. முதல் மூன்று நிமிடம் முன்பே அறிந்தவற்றைத் திருப்புதல். அடுத்த நான்கு நிமிடம் புதிய ஒன்றிரண்டு மட்டும். கடைசி மூன்று நிமிடம் பழையதும் புதியதும் கலந்த வினாக்கள். வரிசையாக ஓதும் குழந்தைக்கு வரிசையின் நடுவில் கேட்டால் விடை வருவதில்லை. கலந்து கேட்பதே இதற்கு மருந்து.

2. முக்கோண வடிவில் வெட்டிய அட்டையின் மூன்று முனைகளில் 7, 8, 56 என எழுதி, ஒரு முனையை விரலால் மறைத்து மற்றவரைக் கேட்கலாம். 56 மறைந்தால் பெருக்கல். 7 மறைந்தால் வகுத்தல். இவ்விதம் பெருக்கலும் வகுத்தலும் ஒரே உறவின் இரு முகங்கள் என்பது விளங்கும்.

3. புளியங்கொட்டை, பொத்தான், சோழி ஆகியவற்றை வரிசை வரிசையாக அடுக்கி, அடுக்கிய கட்டத்தை ஒரு குச்சியால் இரண்டாகப் பிரித்துக் காட்டலாம். ஏழு வரிசையை ஐந்தாகவும் இரண்டாகவும் பிரித்தால் 7 x 8 தானே புலப்படும்.

4. கிரிக்கெட்டில் ஓர் ஓவருக்கு ஆறு பந்து. ஏழு ஓவருக்கு எத்தனை பந்து, எட்டு ஓவருக்கு எத்தனை என்று கேட்டால் ஆறாம் வாய்பாடு விளையாட்டுத் திடலிலிருந்தே வகுப்புக்கு வந்துவிடும். ஏழாம் வாய்பாட்டுக்கு நாள்காட்டியின் வாரங்கள் உண்டு.

5. விடை தவறினால் உடனே திருத்துவதைவிட, "எவ்வாறு கண்டாய்?" என்று கேட்பது நன்று. 7 x 8-க்கு 54 என்றும் 63 என்றும் சொல்லும் குழந்தை கண்மூடித்தனமாகச் சொல்லவில்லை. 54 ஆறொன்பது, 63 ஏழொன்பது. அக்குழந்தை சரியான தெருவுக்கு வந்து பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறது. 'ஏழைந்து எவ்வளவு?' என்று வழி காட்டினால் உரிய வீட்டைத் தானே அடையும்.

6. வேகம் வேண்டுவதே, ஆயினும் வகுப்பின் முன் நிறுத்தி நேரம் குறித்துக் கேட்பது அச்சத்தையே வளர்க்கும். குழந்தை தன் சென்ற வார அளவோடு போட்டியிடட்டும். பக்கத்துக் குழந்தையோடு வேண்டாம்.

கூட்டாக ஓதும் பழைய முறையை அறவே நீக்க வேண்டுவதில்லை. ஓசையும் தாளமும் நினைவுக்குத் துணை. பொருளை முதலில் கண்டு, ஓதுதலைப் பின்னர் மேற்கொண்டால் இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்.

நிர்வாகம் செய்யத்தக்கவை

புதிய தேசியக் கல்விக் கொள்கை 2020-இல் அடிப்படை எழுத்தறிவையும் எண்ணறிவையும் முதன்மை நோக்கமாக அறிவித்தது. அதனை ஒட்டி 2021 ஜூலை 5-ஆம் நாள் 'நிபுண் பாரத்' இயக்கம் தொடங்கப்பட்டது. மூன்றாம் வகுப்பு முடிவதற்குள் ஒவ்வொரு குழந்தையும் எளிய பெருக்கல் கணக்குகளைச் செய்ய வேண்டும் என்பது அதன் இலக்குகளுள் ஒன்று; இதனை 2026-27 கல்வியாண்டுக்குள் எய்த வேண்டுமெனக் காலவரையும் குறிக்கப்பட்டது. ஆனால் மேலே கூறிய கணக்கெடுப்புகள், ஐந்தாம், ஆறாம் வகுப்புக்கு வந்துவிட்ட குழந்தைகளிலும் பெரும் பகுதியினர் பின்தங்கியிருப்பதைக் காட்டுகின்றன. அவர்களைக் கைவிடுவதற்கில்லை.

இதற்கு மும்பையிலேயே ஒரு முன்னோடி உண்டு. 1990-களின் நடுவில் இந்நகரில் தோன்றிய 'பிரதம்' நிறுவனம், மாநகராட்சிப் பள்ளிகளோடு இணைந்து 'பால்சகி' திட்டத்தை நடத்தியது. பள்ளி இருக்கும் பகுதியிலேயே வாழும் இளம் பெண்கள், பின்தங்கிய 15 முதல் 20 குழந்தைகளை நாளொன்றுக்குச் சுமார் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி அடிப்படைப் பாடங்களைக் கற்பித்தனர். 2001 முதல் 2003 வரை மும்பையிலும் வதோதராவிலும் இத்திட்டத்தை மதிப்பிட்ட பொருளியலாளர்கள், குழந்தைகளின் தேர்ச்சி குறிப்பிடத்தக்க அளவு உயர்ந்ததையும், மிகவும் பின்தங்கியவர்களே மிகுதியாகப் பயனடைந்ததையும் கண்டனர். குழந்தை எந்த வகுப்பில் அமர்ந்திருக்கிறது என்பதை விட, எந்தப் படியில் நிற்கிறது என்பதை அறிந்து அங்கிருந்து கற்பிப்பதே இதன் மூலம் பெற்ற பாடம்.

இவற்றின் அடிப்படையில் கல்வி அதிகாரிகள் கவனத்துக்குச் சில கருத்துகளை முன்வைக்கலாம். ஆண்டின் தொடக்கத்தில் ஒவ்வொரு குழந்தையையும் ஐந்து நிமிடம் வாய்மொழியாகச் சோதித்து, மேற்கூறிய ஏழு படிகளுள் எதில் நிற்கிறது என்று குறித்தல் வேண்டும். கால அட்டவணையிலேயே பத்து நிமிடப் பயிற்சிக்கு இடம் ஒதுக்க வேண்டும். இரண்டாம் வகுப்பில் இரண்டு, பத்து, ஐந்து. மூன்றாம் வகுப்பில் நான்கு, மூன்று, ஒன்பது. அதனை அடுத்து ஆறு, எட்டு, ஏழு என்று எளிமையிலிருந்து கடினத்துக்குச் செல்லலாம். ஆசிரியர் பயிற்சியில், அப்பகுதித் தொழில்களில் வழங்கும் கணக்கு முறைகளை ஆசிரியர்களே சேகரிக்கும் பணியைச் சேர்க்க வேண்டும். தேர்வில் '6 x 7 எவ்வளவு?' என்பதோடு நில்லாமல், '6 x 7 தெரிந்தால் 12 x 7-ஐ எவ்வாறு காண்பாய்?' என்றும் கேட்க வேண்டும். தேர்வு எதைக் கேட்கிறதோ அதையே வகுப்பு கற்பிக்கும் என்பது நாம் அறிந்ததே.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவில்லை. காலியான முட்டை அட்டை, பழைய நாள்காட்டி, புளியங்கொட்டை, வெட்டிய அட்டைத் துண்டு ஆகியவை தாராவியிலும் மாட்டுங்காவிலும் செம்பூரிலும் எளிதில் கிடைப்பவை. தேவைப்படுவது, குழந்தைக்குக் கணக்கு தெரியாது என்ற முடிவோடு தொடங்காமல், அதற்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று கேட்டுத் தொடங்கும் மனம். பொத்தானை எண்ணும் விரல்களுக்கும் பலகையில் எழுதும் விரல்களுக்கும் இடையே உள்ள தொலைவைப் பள்ளி குறைக்குமானால், மூன்றாம் வகுப்பில் வாய்பாட்டுக்கு அஞ்சி நின்ற குழந்தை, ஆறாம் வகுப்பில் பின்னத்தையும் பத்தாம் வகுப்பில் இயற்கணிதத்தையும் அச்சமின்றி எதிர்கொள்ளும்.